கண் சொல்லும் பொய்!

சுருளிப்பட்டியில் என் சித்தப்பாவுக்கு ஒரு திராட்சைத் தோட்டமும் ஒரு டி.வி.எஸ். 50-ம் உண்டு. தோட்டத்தில் மனுஷர் கெட்டிக்காரர். வண்டியில்தான் தகராறு! ஒருநாள் ஆட்டுக்குட்டி, மறுவாரம் பால்காரர் சைக்கிள், அப்புறம் கம்பம் பஸ் ஸ்டாண்டு ஓரம் பூக்காரம்மா கூடை... இடித்ததெல்லாம் இடது பக்கம்.

கேட்டால், ‘‘எல்லாப் பயலும் குறுக்கே வந்து விழுறான்டா. எனக்கா கண்ணு தெரியாது? அந்தக் கொத்துல எத்தனை பழம்னு இங்கேருந்தே எண்ணிச் சொல்லவா?’’ என்பார். எண்ணியும் காட்டினார்!

சித்தப்பா பொய் சொல்லவில்லை. அவர் கண்தான் அவரிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

நம்பிக்கை வரலையா? மேனேஜர் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒரு சின்ன சோதனை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களைச் சேர்த்து நிமிர்த்துங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் இடது கட்டைவிரலையே பாருங்கள். பார்வையை நகர்த்தாமல் வலது விரலை மட்டும் மெதுவாக வலப்பக்கம் கொண்டுபோங்கள். முக்கால் சாண் தூரம் போனதும் விரல் நுனி மாயம்!

விஷயம் இதுதான். வெளிச்சம் கருவிழி வழியாக நுழைந்து, நடுவிலுள்ள பாப்பாவைத் தாண்டி, லென்ஸில் வளைந்து, பின்னால் இருக்கும் விழித்திரையில் தலைகீழாக விழுகிறது. விழித்திரையில் வெளிச்சத்தை உணரும் செல்கள் மட்டும் 12 கோடிக்கு மேல். அங்கிருந்து சுமார் 10 லட்சம் நரம்பு இழைகள் ஒரே கயிறாகத் திரண்டு மூளைக்குப் போகின்றன. அந்தக் கயிறு கிளம்பும் இடத்தில் பார்வை கிடையாது. ஆனாலும் நமக்கு ஓட்டை தெரிவதில்லையே, ஏன்? அக்கம்பக்கம் இருப்பதை வைத்து மூளை ஒட்டுப்போட்டு விடுகிறது!

இந்த ஒட்டுவேலைதான் சித்தப்பாவைக் கவிழ்த்தது. கண்ணுக்குள் ஒரு திரவம் ஊறி வடிந்துகொண்டே இருக்கும். வாய்க்கால் அடைத்தால் வயலில் தண்ணீர் ஏறுமே, அதுபோல வடிகால் சரியில்லாமல் கண்ணில் அழுத்தம் ஏறினால், நரம்பு இழைகள் ஒவ்வொன்றாகச் சாகும். இதுதான் க்ளாக்கோமா. பெரும்பாலும் வலி இருக்காது. ஓரப் பார்வை முதலில் போகும். நடுப் பார்வை கடைசி வரை நிற்கும். பழத்தை எண்ணலாம், பால்காரர் தெரிய மாட்டார்!

புரை விழுந்தால் கவலையில்லை. மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துவிடலாம். நரம்புக்கு அப்படி ஸ்பேர் பார்ட் இல்லை. போன பார்வை போனதுதான். மிச்சத்தை மருந்து விட்டுக் காப்பாற்றலாம். அதனால் எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

அதற்கு வசதி இல்லாத ஊருமில்லை நம்முடையது. டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-ல் தேனிக்கு வந்தது. 2006 வாக்கில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் துணையோடு, தேனி ஆஸ்பத்திரியையும் சுற்றுவட்டாரப் பரிசோதனை மையங்களையும் நீண்டதூர வைஃபை மூலம் இணைத்தார்கள். கிராமத்து மையத்தில் உட்கார்ந்தபடியே, தேனியில் இருக்கும் டாக்டரிடம் திரையில் முகம் பார்த்துப் பேச முடிந்தது.

சித்தப்பா போனது தாமதமாகத்தான். இழைகளில் பாதிக்கு மேல் போயிருந்தன. இப்போது தினமும் சொட்டு மருந்து. ‘‘ரத்த சொந்தத்துல யாருக்காவது இருந்தா மத்தவங்களும் பாத்துக்கணும்’’ என்று சொல்லிவிட்டதால், நானும் தம்பியும் வரிசையில் நின்று காட்டினோம். தப்பித்தோம். நாற்பது தாண்டிய அப்பாவோ அண்ணனோ உங்கள் வீட்டில் இருந்தால், ‘‘நல்லாத்தானே தெரியுது’’ என்பதை நம்பாதீர்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள்.

வண்டியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். பின்சீட்டிலிருந்து சித்தப்பா குரல் கொடுக்கிறார்: ‘‘டேய்... இடது பக்கம் பாத்துப் போடா!’’