யார் முதுகில் இந்த மண்?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி - சென்னை மாநகரின் மேற்கு வாயிலில் நிற்கும் மூன்று ஊர்கள். 1955-ல் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச மாதிரிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் இயற்றியது ஆவடியிலேதான். கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்ததும், 1965-ல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்ததும் அதே ஆவடியிலேதான். ஏரியும் கழனியும் சூழ்ந்திருந்த அம்பத்தூரில் தொழிற்பேட்டை தோன்றி அறுபது ஆண்டுகள் ஆகின்றன. பேச எவ்வளவோ உண்டு. ஆனால், தோழர்களே, இன்று நாம் பேசப்போவது மண்ணைப் பற்றி!

மண்ணிலே பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர். காலையில் தெருமுனையில் சற்று நின்று பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் நிமிர்ந்து, மூச்சிரைத்தபடி ஒரு சிறு வண்டி வரும். 'குட்டி யானை' என்று மக்கள் செல்லமாக அழைக்கும் வண்டி. அதன் முதுகிலே குன்றெனக் குவிந்த மண்! வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கீழே கொட்டுவது ஒரு கூடை. பின்னால் வருபவர் கண்ணில் விழுவது ஒரு பிடி.

இந்த மண் எதற்கு? வீட்டை உயர்த்துவதற்கு. சாலை போடும்போதெல்லாம் பழைய தாரின் மேலேயே புதுத் தாரை ஊற்றினார்கள். சாலை உயர்ந்தது, வீடு பள்ளமாயிற்று. 2015 டிசம்பர் வெள்ளம் வந்து பள்ளத்தில் இருப்பவன் கதியைப் பாடமாகச் சொல்லிச் சென்றது. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். நல்ல உத்தரவுதான். ஆனால் அதற்கு முன்பே பள்ளமாகிவிட்ட வீடு என்ன செய்யும்? மண் தேடும். அடித்தளம் நிரப்ப, வாசல் உயர்த்த, மாடித் தோட்டத்துக்கு என்று தேவை பெருகும். லாரி நுழையாத சந்துக்குள் குட்டி யானைதான் நுழையும்.

இனிக் கணக்குக்கு வருவோம். 2005-ல் சந்தைக்கு வந்த இந்தச் சிறு வண்டியின் சுமை வரம்பு ஏறத்தாழ முக்கால் டன், அதாவது 750 கிலோ. பாரம் ஏற்றும் தொட்டியோ 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், 1 அடி உயரம். கொள்ளளவு கிட்டத்தட்ட ஒரு கனமீட்டர். ஒரு கனமீட்டர் மண்ணின் எடை என்ன? காய்ந்து உதிர்ந்த மண்ணானால் 1,200, 1,300 கிலோ. மழையில் நனைந்த மண்ணானால் 1,600 கிலோவைத் தாண்டும். பலகை மட்டத்துக்கு நிரப்பினாலே வரம்பைப் போல இரு மடங்கு! குவித்து நிரப்பினால் என்னவென்று சொல்லவும் வேண்டுமோ?

பஞ்சு மூட்டை தொட்டியை நிரப்பினாலும் வண்டி சிரிக்கும். மண் பாதி நிரம்பினாலே போதும், வண்டி அழும். கண்ணுக்குத் தெரிவது கொள்ளளவு. கண்ணுக்குத் தெரியாதது எடை. ஏமாற்றம் பிறப்பது இங்கேதான்.

"ஸ்பிரிங் பட்டை இரண்டு கூட்டிவிட்டேன், இனிக் கவலையில்லை" என்பார் சிலர். பட்டை கூடினால் வண்டி தாழாது, அவ்வளவுதான். அச்சு அதே அச்சு. டயர் அதே டயர். பிரேக் அதே பிரேக். எடை இரு மடங்கானால், அதே வேகத்தில் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றலும் இரு மடங்கு. பிரேக் சூடேறும், பிடிப்புக் குறையும், நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது. பாரம் பின் அச்சுக்கும் பின்னே குவிந்தாலோ முன்சக்கரம் லேசாகிவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி சொன்னபடி கேட்காது. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் செல்லும் சாலையில் இப்படியொரு வண்டி ஓடலாமா?

சாலையின் கதையையும் கேளுங்கள். ஆவடியில் உருவாகும் 'அர்ஜுன்' டாங்கியின் எடை 58 டன்னுக்கும் மேல். ஆயினும் அகன்ற சங்கிலித் தடத்தில் பாரம் பரவுவதால், நிலத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் அது தரும் அழுத்தம் ஒரு கிலோவுக்கும் குறைவு. சிறு வண்டியின் டயரோ மூன்று கிலோவுக்கும் மேலாக அழுத்துகிறது! அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, தனிச் சாலை அமைத்து, லாரிகளை ஓயாமல் ஓடவிட்டுப் பெரும் சோதனை நடத்தினார்கள். அச்சின் மேல் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு விளையும் சேதம் இரு மடங்கல்ல, ஏறத்தாழ 16 மடங்கு என்று அதில் தெரிந்தது. குட்டி யானை கனரக லாரியைப் போலச் சாலையைக் கெடுப்பதில்லை என்பது மெய்தான். ஆனால் அது ஓடுவது நெடுஞ்சாலையிலா? மெல்லிய தெருச் சாலையில் அல்லவா! தெரு குழியானால் செப்பனிடும் செலவு யார் தலையில்? வரி கொடுக்கும் நம் தலையில்!

அப்படியானால் குற்றவாளி ஓட்டுநர்தானா? அவசரப்பட வேண்டாம். மண் வியாபாரம் முழுவதும் கன அளவில் நடக்கிறது. 100 கன அடி ஒரு யூனிட். விவசாயிக்கு அரசு இலவசமாக வழங்கும் ஏரி வண்டலும் ஏக்கருக்கு இத்தனை கனமீட்டர் என்றே கணக்கிடப்படுகிறது. ஓட்டுநருக்குக் கூலியோ நடைக் கணக்கு. இரண்டு நடையில் கொண்டுவர வேண்டிய மண்ணை ஒரே நடையில் கொண்டுவா என்கிறார் வாங்குபவர். முடியாது என்று சொன்னால் அடுத்த வண்டிக்காரர் காத்திருக்கிறார். வண்டிக்கு மாதத் தவணை, வீட்டிலே அடுப்பு. அவர் என்ன செய்வார்?

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், மிகைப் பாரத்துக்கு 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கிறது. மிகைப் பாரத்தை இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும் என்கிறது. அது மட்டுமா? ஓட்டுபவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே குற்றவாளி என்கிறது. ஏட்டிலே மூவர், சாலையிலே பிடிபடுவதோ ஒருவர்! ஏற்றி அனுப்பியவர் நிழலில் இருக்கிறார். ஓட்டியவர் வெயிலில் கைகட்டி நிற்கிறார்.

பிட்டுக்கு மண் சுமந்த கதையை மதுரைப் பக்கம் சொல்வார்கள். கரை அடைக்க வந்த கூலியாளைப் பாண்டியன் பிரம்பால் அடித்தானாம். அந்த அடி அரசன் உட்பட அனைவர் முதுகிலும் விழுந்ததாம். நம்புவோர் நம்பட்டும், நம்பாதோர் விடட்டும், கருத்து உண்மை. மண் சுமப்பவன் மீது விழும் அடி அவனோடு நிற்பதில்லை. பிரேக் பிடிக்காத வண்டி வழிப்போக்கனை இடிக்கிறது. குழி விழுந்த சாலை எல்லாரையும் தள்ளுகிறது.

செய்ய வேண்டியவை அரிய காரியங்கள் அல்ல. மண் எடைக் கணக்கில் விற்கப்பட வேண்டும். ஏற்றும் இடத்திலேயே எடைமேடைச் சீட்டு தரப்பட வேண்டும். ஒவ்வொரு தொட்டியின் உட்புறத்திலும் மண்ணுக்கென்று ஒரு கோடு வரையப்பட வேண்டும். சிறு வண்டிக்குக் காய்ந்த மண்ணானால் பாதிப் பலகை, ஈர மண்ணானால் அதற்கும் கீழே. பாரத்தைப் பின் அச்சுக்கு முன்னே பரப்பி, தார்ப்பாய் போட்டுக் கட்ட வேண்டும். வழக்குப் பதியும் அதிகாரி, ஏற்றி அனுப்பியவர் பெயரையும் எழுத வேண்டும்.

வீடு கட்டுவோரே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் வாசலில் மண் கொட்டும் வண்டியை ஒருமுறை உற்று நோக்குங்கள். இரண்டு நடைக்கு உரிய கூலியைக் கொடுத்து, இரண்டு நடையாகவே கேளுங்கள். நீங்கள் மிச்சப்படுத்தும் அந்த ஒரு நடைக் கூலிக்கு ஈடாக ஒரு தொழிலாளி தன் உயிரை வைத்து ஓட்டுகிறான்.