பிள்ளையைத் தேடினால்

திருத்தணியில் துணைநூற்பட்டியல் போட உட்கார்ந்தேன். கடைசிப் பெயரை முன்னால் போடு என்கிறது ஆங்கில மரபு. போட்டால் தணிகைமணி வ.சு. செங்கல்வராய பிள்ளை 'பிள்ளை, செங்கல்வராய' ஆகிறார். ஆள் பின்னால் போய்ச் சாதி அகரவரிசையில் ஏறிக்கொள்கிறது. திருப்புகழைப் பதிப்பித்த அவர் அப்பா சுப்பிரமணிய பிள்ளையும் அதே 'பிள்ளை'தான். 1888இல் பிறந்த இவ்வூர் ராதாகிருஷ்ணனுக்கோ, தெலுங்கு வழக்கப்படி சர்வபள்ளி என்கிற வீட்டுப்பெயர் முன்னாலேயே நிற்கிறது. கடைசிப் பெயரே குடும்பப் பெயர் என்கிற கணக்கு இரண்டிடத்திலும் பொய்.

எனவே நான் எழுதுவது: செங்கல்வராய பிள்ளை, வ.சு., பிறகு நூற்பெயர், பதிப்பகம், ஊர், ஆண்டு. சிற்றிதழ்க் கட்டுரையென்றால் தலைப்பு மேற்கோள்குறிக்குள். இதழ்ப்பெயர், இதழ் எண், மாதம், பக்கம். பழைய புத்தகத்தில் பதிப்பகம் இல்லாவிட்டால் அச்சுக்கூடத்தின் பெயரைப் போட வேண்டியதுதான். வெறும் 'விகாரி வருஷம்' என்றிருந்தால் அப்படியே எழுதி, அடைப்புக்குறிக்குள் ஆங்கில ஆண்டையும் தர வேண்டும். 1899இல் பிறந்த விகாரி 1959இல் திரும்பவும் வந்துவிட்டதே.