ஓசோன் ஓட்டை: நிரப்ப வேண்டாம், ஒழுகலை நிறுத்தினால் போதும்

மெல்பர்னுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் முதல் கோடையிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஓசோன் ஓட்டை நம்ம தலைக்கு மேலதான் இருக்காமே, உண்மையா?" பள்ளியில் பிள்ளைகளுக்குத் தொப்பி கட்டாயம். தொப்பி இல்லையென்றால் விளையாட்டு கிடையாது, நிழலில்தான் உட்கார வேண்டும். சென்னை வெயிலில் நாள் முழுக்க கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் கொஞ்சம் ஓவராகத்தான் தெரியும்.

அடுத்த கேள்வியும் உடனே வரும். "இதைச் சரிசெய்யவே முடியாதா?"

முடியும். சரியாகிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் எப்படிச் சரியாகிறது என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

முதல் கேள்விக்கு முதலில் பதில். ஓட்டை இருப்பது நம் தலைக்கு மேல் இல்லை, அண்டார்க்டிகாவுக்கு மேல். ஆகஸ்டில் திறக்க ஆரம்பித்து, செப்டம்பர், அக்டோபரில் உச்சத்துக்குப் போய், ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். மூடும் சமயத்தில் ஓசோன் குறைந்த காற்று கொஞ்சம் வடக்கே நகர்ந்து, தெற்கு ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் தொட்டுப் போவதுண்டு. ஆனால் இங்கே வெயில் சுடுவதற்கு அது முக்கியக் காரணம் இல்லை. ஜனவரியில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது, அப்போது இங்கே கோடை. காற்றும் தூசி குறைந்த சுத்தமான காற்று. சட்டை போடு, கிரீம் தடவு, தொப்பி வை என்ற 'ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்' பிரசாரம் இங்கே தொடங்கியது 1981-ல். ஓசோன் ஓட்டை உலகத்துக்குத் தெரிய வந்ததோ 1985-ல்! ஆகவே ஓட்டை மூடினாலும் தொப்பியைக் கழற்ற முடியாது. நம் தோல் நிறம் ஓரளவு பாதுகாப்பு தரும் என்பது உண்மை. கண் புரைக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரி, ஓட்டை என்றால் என்ன? வானத்தில் துணி கிழிந்த மாதிரி எதுவும் இல்லை. மேலே 15 முதல் 35 கிலோமீட்டர் உயரம் வரை பரவிக் கிடக்கும் ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து அடுக்கினால் 3 மில்லிமீட்டர் கனம்தான் வரும். அதை 300 டாப்சன் என்று அளப்பார்கள். 220-க்குக் கீழே போன பகுதியைத்தான் ஓட்டை என்கிறோம்.

1985-ல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், அண்டார்க்டிகாவின் ஹேலி தளத்தில் தரையிலிருந்து எடுத்த அளவுகளை வைத்து இதை வெளியிட்டார்கள். நாசாவின் செயற்கைக்கோளும் அதே குறைவைப் பதிவு செய்திருந்தது. ஆனால் 180-க்குக் கீழே போன எண்களை மென்பொருள் 'சந்தேகத்துக்குரியவை' என்று குறியிட்டு ஒதுக்கி வைத்திருந்தது. பிறகுதான் அவை உண்மையான அளவுகள் என்று உறுதியானது. நம் துறை ஆட்கள் மறக்கக் கூடாத கதை இது.

காரணம் அதற்கு 11 வருடம் முன்பே, 1974-ல், மோலினாவும் ரோலண்டும் சொன்னதுதான். ஃப்ரிட்ஜ், ஏசி, ஸ்பிரே டப்பா எல்லாவற்றிலும் இருந்த சி.எஃப்.சி. வாயு மேலே போய், சூரியக் கதிர் பட்டு உடைந்து, குளோரினை விடுகிறது. ஒரே ஒரு குளோரின் அணு பல ஆயிரம் ஓசோன் மூலக்கூறுகளைத் தின்றுவிடும். இந்த ஆய்வுக்காக 1995-ல் க்ரட்சனோடு சேர்த்து இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்ஜினியர்கள் உடனே கேட்பார்கள்: "ஓசோனை ஃபேக்டரியில் தயாரித்து மேலே அனுப்பினால் என்ன?" மேலே இருப்பது சுமார் 300 கோடி டன். அதைச் சூரிய ஒளி ஒவ்வொரு நாளும் ஆக்கிக்கொண்டும் அழித்துக்கொண்டும் இருக்கிறது. அந்தக் கணக்கில் நாம் ராக்கெட்டில் ஏற்றுவது எந்த மூலைக்கு? குளோரின் மேலே இருக்கும்வரை அனுப்பியதையும் அது தின்றுவிடும்.

ஊரில் ஏசி மெக்கானிக் வந்தால் சொல்லும் வசனம் எல்லாருக்கும் தெரியும். "கேஸ் போயிடுச்சு சார், நிரப்பணும்." கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் இல்லை. போயிருக்கிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. ஒழுகலை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையிலும் அவரே வருவார். ஓசோன் விஷயத்தில் உலகம் செய்தது முதலில் ஒழுகலை நிறுத்தியதுதான். நிரப்பும் வேலையைச் சூரியன் பார்த்துக்கொள்கிறது.

1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்று 198 தரப்புகள், அதாவது உலகின் எல்லா நாடுகளும் அதில் இருக்கின்றன. வளரும் நாடுகளுக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். மாறும் செலவுக்குப் பணக்கார நாடுகள் நிதி போட்டன. "நீங்க கெடுத்ததுக்கு நாங்க ஏன் பணம் கட்டணும்?" என்ற நியாயமான கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. ஓசோனை அரிக்கும் பொருட்களில் கிட்டத்தட்ட 99 சதவீதம் ஒழிக்கப்பட்டுவிட்டது. 1980-ல் இருந்த நிலைக்கு உலகின் பெரும்பகுதி 2040 வாக்கிலும், ஆர்க்டிக் 2045 வாக்கிலும், அண்டார்க்டிகா 2066 வாக்கிலும் திரும்பும் என்பது ஐ.நா. ஆதரவில் நடந்த 2022 மதிப்பீடு.

ஏன் இவ்வளவு தாமதம்? சி.எஃப்.சி-11 காற்றில் சுமார் 50 வருடம் தங்கும், சி.எஃப்.சி-12 சுமார் 100 வருடம். நம் தாத்தா வீட்டு ஃப்ரிட்ஜில் ஒழுகியதில் ஒரு பங்கு இன்னும் மேலேதான் இருக்கிறது.

அதனால்தான் காவல் முக்கியம். 2018-ல், தடை செய்யப்பட்ட சி.எஃப்.சி-11 மறுபடி கூடுதலாக வெளியாகிறது என்று அளவீடுகள் காட்டிக்கொடுத்தன. தென்கொரியாவிலும் ஜப்பானிலும் உள்ள காற்று நிலையங்களின் பதிவை வைத்து, பெரும்பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து வருகிறது என்று அடுத்த ஆண்டே கண்டுபிடித்தார்கள். பிறகு அது குறைந்தது. யாராவது அளந்துகொண்டே இருந்ததால் மாட்டியது. மெல்பர்னுக்குத் தெற்கே, டாஸ்மேனியாவின் கேப் கிரிம் நிலையமும் 1976 முதல் இப்படிக் காற்றை அளந்து வருகிறது. இந்த மாதிரி இடங்களுக்கு நிதி வெட்டும் பேச்சு வரும்போது நாமும் கொஞ்சம் குரல் கொடுக்கலாம்.

சி.எஃப்.சி-க்குப் பதிலாக வந்த வாயுக்களில் பல, ஓசோனைத் தொடாவிட்டாலும் பூமியைச் சூடாக்குகின்றன. பல ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ, கார்பன் டைஆக்சைடைவிட சுமார் 2,000 மடங்கு சூடாக்கும். அவற்றைக் குறைக்கத்தான் 2016-ல் கிகாலியில் ஒப்பந்தம் போட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இந்த வாயுவைத் திறந்துவிடுவது குற்றம், உரிமம் உள்ளவர்தான் தொடலாம். ஊரில் பழைய ஏசிகளில் இன்னும் ஓசோனை அரிக்கும் ஆர்-22 இருக்கிறது. பழசைக் கழற்றும்போது கேஸைக் காற்றில் விட்டுவிடுவதும் நடக்கிறது.

கார்பன் பிரச்சினை இதைவிடப் பல மடங்கு பெரியது. சி.எஃப்.சி-யைத் தயாரித்த கம்பெனிகள் கொஞ்சம், மாற்றுப் பொருளும் கிடைத்தது. கார்பனோ நம் சமையல், பயணம், மின்சாரம் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதனால் இதைக் காட்டி அதுவும் சுலபம் என்று சொல்ல மாட்டேன். "மனுஷங்க ஒண்ணா சேர்ந்து எதையும் செஞ்சதே இல்லை" என்று பிள்ளைகள் சலித்துக்கொள்ளும்போது மட்டும் இதைச் சொல்லுங்கள். இன்று பிரைமரி ஸ்கூலில் இருப்பவர்கள் 2066-ல் ஐம்பதை நெருங்கியிருப்பார்கள். ஓட்டை மூடியதைப் பார்க்கப் போவது அவர்கள்தான்.

அதுவரை நம்மால் ஆன சின்ன வேலை ஒன்று. அடுத்த தடவை ஊருக்கு போன் போடும்போது, ஏசிக்கு கேஸ் நிரப்பணுமாம் என்று அம்மா சொன்னால், பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு விடாதீர்கள். எங்கே ஒழுகுதுன்னு முதல்ல பாக்கச் சொல்லுங்கம்மா என்று சொல்லுங்கள்.