இளங்குடியரசும் அயலார் போரும்

ஒரு நாடு அந்நியர் ஆட்சியினின்றும் விடுதலை பெறுதல் வேறு. பெற்ற விடுதலையைச் சிதையாது பேணுதல் வேறு. முன்னதற்கு வீரம் வேண்டும். பின்னதற்குப் பொறுமையும் தன்னடக்கமும் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றைப் பயில்வோருட் பலர் 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தோடு நின்றுவிடுகின்றனர். அதன் பின் வந்த நாற்பது ஆண்டுகளே அந்நாட்டின் உண்மையான சோதனைக் காலமாகும். அதனை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

1783இல் இங்கிலாந்து அமெரிக்காவின் விடுதலையை ஏற்றுக்கொண்டது. ஆயின், பதின்மூன்று நாடுகளையும் பிணைத்திருந்த கட்டு மிகத் தளர்ந்ததாயிருந்தது. பொதுப் பேரவைக்கு வரி விதிக்கும் அதிகாரமில்லை. போர்க்கடனைத் தீர்க்கப் பொருளுமில்லை. 1786இல் மசச்சூசெற்ஸ் நாட்டில், கடனாலும் வரியாலும் நொந்த உழவர் படைக்கலம் ஏந்தினர். இந்நிலையிலேதான் 1787இல் பிலடெல்பியா நகரிற் கூடிய பேராளர் புதிய அரசியற்றிட்டமொன்றை வகுத்தனர். கூடியவர் 55 பேர். கையொப்பமிட்டவர் 39 பேர். சிறிய நாடுகளின் அச்சத்தைப் போக்குதற்கு மூதவையில் ஒவ்வொரு நாட்டிற்கும் இரண்டு இடம் அளித்தனர். பெரிய நாடுகளின் உரிமையைக் காத்தற்குப் பிரதிநிதிகள் சபையைக் குடித்தொகைப்படி அமைத்தனர். ஆனால் அக்குடித்தொகையைக் கணிக்கும்போது ஐந்து அடிமைகளை மூவராகக் கொள்வதெனவும் உடன்பட்டனர். அடிமைகளுக்கோ வாக்குரிமை இல்லை. அவர்தம் எண்ணிக்கையால் ஆண்டைமாரின் பலமே பெருகிற்று. இக்கறை அத்திட்டத்தோடு உடன்பிறந்ததாயிற்று.

1789இல் ஜோர்ஜ் வாஷிங்டன் முதற் சனாதிபதியாகப் பதவியேற்றார். நான்காண்டு செல்லுமுன் பிரான்சும் இங்கிலாந்தும் போர் தொடங்கின. விடுதலைப் போரில் துணைநின்ற பிரான்சுடன் அமெரிக்கா 1778இற் செய்த உடன்படிக்கை ஒருபுறம். அரசிறையின் பெரும்பகுதியாகிய சுங்கவரியை ஈட்டித் தந்த ஆங்கில வாணிகம் மறுபுறம். அமைச்சருள் ஜெபர்சன் பிரான்சிற் பற்றுடையவர். ஹமில்டன் இங்கிலாந்தோடு இணங்க விரும்பியவர். வாஷிங்டனோ 1793இல் நடுநிலைமையை அறிவித்தார். பின்னர் இங்கிலாந்தோடு செய்த உடன்படிக்கையை 1795இல் ஏற்றபோது, பலருடைய வசைமொழிக்கும் இலக்கானார். எனினும், இளைய நாட்டுக்கு வளர்தற்குரிய காலம் கிடைத்தது. அதே போரின் அலை நமது நாட்டையும் தாக்கியது என்பதை நாம் மறத்தலாகாது: 1795இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பட்டது அப்போரின் விளைவேயாம்.

அடுத்து வந்தவர் ஜோன் அடம்ஸ். பிரெஞ்சுக்காரர் அமெரிக்கக் கப்பல்களைக் கைப்பற்றினர். சமாதானம் பேசச் சென்ற தூதரிடம் கையூட்டுங் கேட்டனர். நாடு கொதித்தெழுந்தது. 1798இற் கடலிலே பிரகடனஞ் செய்யப்படாத போர் மூண்டது. அவ்வச்சத்தைப் பயன்படுத்தி, அரசைக் குறைகூறும் எழுத்தாளரைச் சிறையிலிடும் சட்டமும் பிறந்தது. அதற்குக் கையொப்பமிட்டமை அடம்ஸின் பெயருக்கு மாசாகும். ஆயின், தமது கட்சியினர் பலர் போரை விரும்பவும், அவர் மீண்டும் தூதரை அனுப்பி 1800இற் சமாதானஞ் செய்தார். அதனால் அவர் கட்சி பிளவுற்றது. தேர்தலில் அவர் தோற்றார். வென்ற பக்கத்தில் ஜெபர்சனும் பேர் என்பாரும் 73 வாக்குகளோடு சமநிலை எய்தவே, பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்து ஜெபர்சனைத் தெரிந்தது. 1801 மார்ச்சு 4ஆந் திகதி, பதவியேற்பைக் காண நில்லாது அடம்ஸ் விடியுமுன்னே தலைநகர் நீங்கினார். மனக்கசப்போடு சென்றாராயினும் படையை நாடினாரல்லர். குடியரசு உண்மையில் நிலைபெற்ற நாள் அதுவே என்பது எமது கருத்து.

ஜெபர்சன் காலத்தில் அயலார் பகையே நாட்டின் வளர்ச்சிக்குக் காரணமாயிற்று. எயிற்றித் தீவின் அடிமைகள் கிளர்ந்தெழுந்து போரிட்டமையாலும், மஞ்சட் காய்ச்சலாலும் நெப்போலியன் அங்கு அனுப்பிய படை அழிந்தது. இங்கிலாந்தோடு மறுபடியும் போர் நெருங்கவே, அவன் லூசியானாவை 1803இல் 150 இலட்சம் டொலருக்கு விற்றான். நாட்டின் பரப்பு ஏறக்குறைய இருமடங்காயிற்று. 1790இல் 39 இலட்சமாயிருந்த குடித்தொகை 1820இல் 96 இலட்சமாயிற்று.

ஆயினும் கடலிலே தொல்லை ஓயவில்லை. ஆங்கிலக் கடற்படையினர் அமெரிக்கக் கப்பல்களை மறித்து மாலுமிகளைப் பலவந்தமாகக் கொண்டுசென்றனர். போரைத் தவிர்க்கக் கருதிய ஜெபர்சன் 1807இல் ஏற்றுமதியையே தடைசெய்தார். 1080 இலட்சம் டொலராயிருந்த ஏற்றுமதி மறு ஆண்டு 220 இலட்சமாகக் குன்றியது, துறைமுகங்கள் வாடின. ஈற்றில் மடிசன் காலத்தில், 1812இற் போர் மூண்டது. 1814இல் ஆங்கிலேயர் வாஷிங்டன் நகரிற் சனாதிபதி மாளிகையைத் தீக்கிரையாக்கினர். அவ்வாண்டு முடிவில் கெந்து நகரிற் செய்த உடன்படிக்கையோ எல்லையை முன்போலவே விட்டது. மாலுமிகளைப் பற்றி ஒரு சொல்லேனும் கூறவில்லை.

இவ்வளர்ச்சியின் விலையைக் கொடுத்தவர் யாவர்? தம் மக்களை ஒன்றுதிரட்டிய முதுகுடித் தலைவர் தெக்கும்சே 1813இற் போரில் மடிந்தார். அவர்தம் நிலம் குடியேறியோர் வசமாயிற்று. 1790இல் ஏழு இலட்சமாயிருந்த அடிமைகள் 1820இற் பதினைந்து இலட்சத்திற்கு மேற்பட்டனர். 1787இற் செய்த இணக்கத்தின் கடன் 1861இல் உள்நாட்டுப் போராக வந்து தண்டியது.

ஆகவே, இக்குடியரசின் வரலாற்றில் நாம் காண்பன இரண்டு. தோற்றவர் அமைதியாக விலகியதனால் அது நிலைத்தது. தன் மக்களுள் ஒருசாராரைக் கணக்கில் மாத்திரம் சேர்த்து, உரிமையிற் சேர்க்காமையால் அது பிளந்தது. அரசியல் பயிலும் மாணாக்கர் இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும்.