மீன் நாற்றங்காலும் 'ஏ' ஜீவசத்தும்

நாற்றங்காலில் நேர்ந்த குறை நடவுக்குப் பின் தீராது என்பதைக் குடியானவர்கள் நன்கறிவார்கள். மீன் வளர்ப்பிலும் அவ்விதமே. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் குளம் வெட்டிக் கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்போர், குஞ்சுகளிற் சில கூன் முதுகுடனும் கோணிய செவுள் மூடியுடனும் இருக்கக் கண்டால், உடனே தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரைப் பழிப்பது இயல்பு. அதுவும் காரணமாகலாம், ஆயினும் முட்டை பொரித்த முதல் வாரங்களில் கிடைத்த ஆகாரத்தையும் விசாரிப்பது அவசியம்.

ஜீவசத்தின் வேலை

கெண்டையினத்து முட்டைகள் 14 முதல் 20 மணி நேரத்தில் பொரிக்கின்றன. பிறகு சுமார் 3 நாட்கள் குஞ்சுகள் மஞ்சள் கருவைக் கொண்டே ஜீவிக்கும். முதுகெலும்பு, தாடை, துடுப்பு, கண் ஆகியவை உருவாகும் காலம் இதுவும் இதை அடுத்த வாரங்களுமேயாம். வைட்டமின் ஏ எனப்படும் ஜீவசத்து, உடலில் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, எவ்வுறுப்பு எங்கே எப்பொழுது அமையவேண்டும் என்று உயிரணுக்களுக்கு உணர்த்துகிறது.

குறைவும் மிகுதியும்

இச்சத்துக் குறைந்த கெண்டைகளில் நிறம் மங்கும், கண் பிதுங்கும், செவுள் மூடி கோணும், துடுப்பிலும் தோலிலும் இரத்தம் கசியும். ஆனால், தழைச்சத்து மிகுந்தால் நெற்பயிர் சாய்வதுபோல, இதன் மிகுதியும் கேடே. கொழுப்பிற் கரைவதாகையால், இது வெளியேறாமல் ஈரலில் சேர்ந்துவிடும். 1990-களில் ஜப்பானில், இச்சத்தை மிகுதியாக ஊட்டிய ஆர்ட்டீமியாவைத் தின்ற தட்டைமீன் குஞ்சுகளின் முதுகெலும்பு விகாரமானது கண்டறியப்பட்டது.

செய்ய வேண்டுவன

நீரின் பசும்பாசியில் பீட்டா கரோட்டின் உள்ளது. பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களைக் குஞ்சுகள் உண்டு, தமக்கு வேண்டியமட்டும் அதை ஜீவசத்தாக மாற்றிக்கொள்ளும். ஆகையால் பச்சை நீரே பத்திரமான வழி. நாற்றங்கால் குளத்திற்குச் சுண்ணாம்பு இட்டு, குஞ்சு விடுவதற்குச் சுமார் 15 நாட்களுக்கு முன் ஏக்கருக்கு 2 டன் பசுஞ்சாணம் இடுக. 50 லிட்டர் நீரை நுண்ணிய வலைத்துணியில் வடிகட்டினால் 1 முதல் 2 மில்லி லிட்டர் நுண்ணுயிர் தேறவேண்டும். கடலைப் புண்ணாக்கும் தவிடும் சமபாகமாகத் தூளாக்கி இடலாம். அவற்றில் இச்சத்து அற்பமே என்பதை மறவாதீர். ஈரல் எண்ணெயையோ ஜீவசத்துப் பொடியையோ கண்ணளவில் கலத்தல் கூடாது.

நீர் கெட்டிருப்பின் எந்த ஜீவசத்தும் உதவாது. பாலாற்றுப் படுகையின் தோல் கழிவைக் குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைக் கிராம அதிகாரிகள் அறிவார்கள். எனவே குளம் வெட்டுமுன் நீரின் உப்பையும் குரோமியத்தையும் சோதித்தறிக. குரோமியம் ஏற்றிய தோற்சீவலைத் தீவனத்தில் சேர்க்கலாகாது.

குஞ்சு வாங்குகையில், வெண்ணிறத் தட்டில் நீரூற்றிச் சிலவற்றை விட்டுப் பாருங்கள். வரும்பொழுதே கோணல் காணப்பட்டால், குறை பெரும்பாலும் பொரிப்பகத்தினது. குளத்தில் விட்டபின் தோன்றினால், தீவனத்தையும் நீரையும் ஆராய்க. கூன் விழுந்த குஞ்சைப் பின்னால் இடும் எந்தத் தீவனமும் நிமிர்த்தாது.