501ஆவது யூனிட்!

மின்கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள், தோழர்களே! 2022 செப்டம்பர் 10இல் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் எரித்த வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 எரித்தால்? 1,958! ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்!

மாயமல்ல, கணக்குத்தான். 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளின் விலை 2 ரூபாய் 25 காசிலிருந்து 4 ரூபாய் 50 காசுக்குத் தாவிற்று. தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய். 2024 ஜூலையில் விலை மேலும் ஏறிற்று. இந்தப் படிக்கட்டு அப்படியே நிற்கிறது.

சோழவரம் ஏரிக்கரையில் வாடகைக்குக் குடியிருக்கும் தொழிலாளியின் பாடு இதைவிடக் கேடு. (ஏரித் தண்ணீர் சென்னைக்குப் போகிறது, அது வேறு கதை!) 2016இல் வந்த 100 யூனிட் இலவசம், இணைப்பு யார் பெயரில் உண்டோ அவரோடு நின்றுவிடுகிறது. சப் மீட்டருக்கு வீட்டுக்காரர் சொன்னதே விலை.

இவர்களுக்காகப் பேசுவது யார்? கட்டணத்தை நிர்ணயிப்பது 1999இல் அமைந்த மின்சார ஒழுங்குமுறை ஆணையம். விலை ஏற்றுமுன் மக்கள் கருத்தைக் கேட்கிறது. 2022 ஆகஸ்டிலும் கோவை, மதுரை, சென்னையில் கேட்டது. ஆலை முதலாளிகளுக்கு வக்கீலும் ஆடிட்டரும் உண்டு. ஷிப்டை விட்டுவிட்டு, ஒருநாள் கூலியை இழந்து, கட்டுக்கட்டான கணக்கைப் புரட்ட நம்மவனால் ஆகுமா?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1924ஆம் ஆண்டிலேயே 'மக்கள் வழக்கறிஞர்' அலுவலகம் வைத்தார்கள். முதலாளித்துவ நாடுதான்! ஆயினும், வீட்டு நுகர்வோருக்காக மின்கம்பெனியை எதிர்த்து வாதாடுவதே அதன் வேலை.

நம் சட்டத்திலும் இதற்கு வழியுண்டு. 2003 மின்சாரச் சட்டம், 94ஆம் பிரிவு: நுகர்வோர் சார்பில் வாதிட ஆணையம் ஒருவரை நியமிக்க'லாம்'. அந்த 'லாம்' 'வேண்டும்' ஆக வேண்டாமா? நிரந்தர அலுவலகம், கணக்குத் தெரிந்த ஆட்கள், அரசுச் சம்பளம். இதைக் கேட்பது பிச்சையா? உரிமை!

அதுவரை கையிலுள்ளதை விடாதீர்கள். தவறான பில் வந்தால் புகாரை எழுத்தில் கொடுங்கள், பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் மின்பகிர்மான வட்டத்தின் குறைதீர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே தலைமை நாற்காலியில் இருப்பவர் மின்கழக அதிகாரியே! பூனைக்கு மணி கட்டப் பூனையையே கூப்பிட்ட கதை. தீர்ப்பு சரியில்லையென்றால் 30 நாளுக்குள் சென்னையிலுள்ள மின்குறை தீர்ப்பாளரிடம் முறையிடுங்கள். வக்கீல் தேவையில்லை, நமக்காக நாமே பேசலாம்.