உண்ணிக்காய்ச்சல்: உயிரணுவுக்குள் ஒளியும் கிருமி

பூம்பாறையின் படிக்கட்டு வயல்கள் மலைப்பூண்டுக்குப் பெயர் பெற்றவை. வயலோரப் புதர்களும் கால்நடைகளும் காவல் நாய்களும் அருகருகே உள்ள இத்தகைய மலையூர்களில் உண்ணிகளும் வாழக்கூடும். அங்கு வசிப்போரும் சென்று திரும்பியோரும் காய்ச்சலுடன் வரும்போது, “உண்ணி கடித்ததா?” என்று நாங்கள் கேட்பதற்குக் காரணம் உண்டு.

இந்தியாவில் உண்ணிகள் பரப்பும் புள்ளிக் காய்ச்சலுக்கு முக்கியக் காரணம் ரிக்கெட்சியா கோனோரி என்னும் பாக்டீரியா. அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியில் காணப்பட்ட இதையொத்த காய்ச்சலை உண்ணியே பரப்புகிறது என்று 1906ஆம் ஆண்டில் காட்டிய ஹோவர்ட் ரிக்கெட்ஸின் பெயரையே இப்பாக்டீரியாப் பேரினம் தாங்கியுள்ளது. நாய்களின் மேல் காணப்படும் பழுப்பு உண்ணி இதைச் சுமக்கிறது. தாய் உண்ணியின் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் கிருமி செல்கிறது.

உண்ணி கடிக்கும்போது உடலுக்குள் புகும் கிருமி, இரத்தக் குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களில் குடியேறுகிறது. அவ்வுயிரணுவின் ஆக்டின் என்னும் புரதத்தையே தனக்கு வாலாக அமைத்துக்கொண்டு, அடுத்த உயிரணுவுக்குள் நகர்கிறது. சேதமடைந்த குழாய்கள் கசிவதால் தோலில், உள்ளங்கை, உள்ளங்கால்களிலும்கூட, செம்புள்ளிகள் தோன்றுகின்றன. மூளையிலும் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் இச்சேதம் நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

உயிரணுவுக்கு வெளியே இக்கிருமி பெருகுவதில்லை. ஆகவே வழக்கமான இரத்த வளர்ப்புச் சோதனையில் அது தென்படாது. எதிர்ப்பொருள் சோதனையும் முதல் வாரத்தில் நோயைக் காட்டாமல் போகலாம். பென்சிலின் வகை மருந்துகள் இதற்குப் பயன்படா. டாக்சிசைக்கிளினோ உயிரணுவுக்குள் ஊடுருவி, கிருமி தனக்கு வேண்டிய புரதத்தை ஆக்கவிடாமல் தடுக்கிறது. எனவேதான் சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர்கள் அதைத் தொடங்குகின்றனர். தக்க காலத்தில் தொடங்கினால், பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் தணியும். தணிந்தாலும் மருந்தை இடையில் நிறுத்தலாகாது. கருவுற்றிருப்போர் அதை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்.

தோட்டத்திலிருந்து திரும்பியதும் தலைமுடி, காதின் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால், சிறு இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்து, அவ்விடத்தைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். நெருப்பால் சுடவோ, மண்ணெண்ணெய் ஊற்றவோ, விரலால் நசுக்கவோ வேண்டாம்.

அதன்பின் இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சலோ கடுந்தலைவலியோ வந்தால், புள்ளிகள் தோன்றட்டும் என்று காத்திராதீர்கள். சிலருக்கு அவை தோன்றுவதேயில்லை. உடனே மருத்துவமனைக்கு வந்து, எங்கே சென்றீர்கள், எந்த விலங்குகளுடன் பழகினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சோதனைகள் காட்டத் தவறும் நாட்களில் எங்களுக்கு வழிகாட்டுவது உங்கள் சொற்களே.